புகையானை எண்ணும்போது சிலந்தியையும் எண்ணுங்கள்

ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் பக்கம் தென்கால் தண்ணீரில் விளையும் பிசான நெல்லில், பயிர் தூர் கட்டி முடித்துப் பொதி பிடிக்கும் சமயத்தில் விவசாயிகளுக்கு வரும் பெரிய பயம் புகையான். வயலின் நடுவில் ஒரு திட்டு வட்டமாக மஞ்சளாகும். சில நாட்களிலேயே அது தீயில் வாட்டியதுபோல் காய்ந்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்கு முன்பு வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இறங்கி, குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால்தான் பழுப்பு நிறத்தில் பூச்சிகள் தூரோடு ஒட்டி உட்கார்ந்து சாறு உறிஞ்சுவது தெரியும்.

அந்த நேரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “அண்ணாச்சி, பக்கத்து வயல்ல மருந்து அடிச்சாச்சு. நாமளும் அடிச்சிரலாமா?”

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. உங்கள் வயலில் புகையான் எத்தனை, அதைத் தின்பவை எத்தனை, வயலுக்குள் வெப்பம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணித மாதிரி என்று கணினியில் செய்கிறார்கள். அதன் அடிப்படை நம் வரப்பிலேயே போடக்கூடிய கணக்குதான்.

100 முட்டையில் 98

ஒரு பெண் புகையான் 100 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல சூழலில் இதைவிட அதிகமாகவே இடும். கணக்குக்கு இது போதும். முட்டைகளை வெளியே வைக்காது. இலை உறையைக் கீறி, திசுவுக்குள் செருகி வைக்கும்.

அந்த 100-ல் 98 செத்து 2 மட்டும் வளர்ந்து பெரிதானால், ஒன்று ஆண், ஒன்று பெண். அடுத்த தலைமுறையிலும் அதே எண்ணிக்கைதான் இருக்கும். பயிருக்குப் பெரிய சேதம் இல்லை. நீங்கள் மருந்தே அடிக்காத வயலில் பல வருடம் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

இப்போது 98-க்குப் பதில் 96 மட்டும் சாகட்டும். 4 தப்பிக்கும், அதில் பெண் 2. தலைமுறைக்கு இரண்டு மடங்கு. ஒரு பயிரில் மூன்று தலைமுறை வந்தால் 8 மடங்கு. சாவு 90 ஆகக் குறைந்தால் தப்பிக்கும் பெண் 5. மூன்று தலைமுறையில் 5 பெருக்கல் 5 பெருக்கல் 5, அதாவது 125 மடங்கு. 90 முட்டை அழிந்தும் வயல் போய்விடும்.

ஆக, புகையான் கட்டுக்குள் இருப்பதும் கையை மீறிப் போவதும் அந்த 98-க்கும் 90-க்கும் நடுவில்தான் முடிவாகிறது. அந்த வேலையை உங்களுக்குக் கூலி கேட்காமல் செய்பவை யார்? முட்டையைக் குத்தி உறிஞ்சும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி, முட்டைக்குள் முட்டையிடும் கண்ணுக்கே தெரியாத குளவிகள், தண்ணீரில் தவறி விழும் குஞ்சுகளைப் பிடிக்கும் நீர் நாவாய்ப்பூச்சி, தூருக்குத் தூர் ஓடி வேட்டையாடும் ஓநாய் சிலந்தி. சிலந்தி வலை கட்டித்தான் பிடிக்கும் என்று நினைக்கிறோம். இந்தச் சிலந்தி வலை கட்டாது. தண்ணீர் மேலேயே ஓடும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும்.

அதற்கு மேல் தின்னாது என்பதையும் கவனிக்க வேண்டும். பிடிக்க நேரம், தின்ன நேரம், வயிறு நிறைந்தால் ஓய்வு. குத்தில் 10 புகையான் இருக்கும்போது ஒரு சிலந்தி பெரிய காவல். 100 இருந்தால் அதே சிலந்தியால் சமாளிக்க முடியாது. காவல் ஆள் அதிகம் இருக்கும் வயலில் புகையான் முதலிலேயே தலை தூக்காது. தலை தூக்கிய பிறகு காவல் ஆளைத் தேடிப் பயனில்லை.

மீன் சந்தையில் பிறந்த கணக்கு

தின்பவற்றுக்கும் தின்னப்படுபவற்றுக்கும் இடையிலான இந்தக் கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. நம்மைப்போல் கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது எளிதில் புரியும்.

முதல் உலகப்போர் நடந்த 1914 முதல் 1918 வரை இத்தாலியை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு மிகவும் குறைந்துபோனது. உம்பர்ட்டோ டி அன்கோனா என்ற உயிரியலாளர் சந்தைக்கு வந்த மீன்களின் பதிவேடுகளைப் பார்த்தார். போர்க் காலத்தில் சுறா, திருக்கை போன்ற, மற்ற மீன்களைத் தின்னும் இனங்களின் பங்கு கூடியிருந்தது. வலை போடாவிட்டால் எல்லா மீனும் ஒரே அளவில் பெருக வேண்டாமா? தின்பவை மட்டும் ஏன் கூடின?

அவர் தன் மாமனார் வீட்டோ வோல்ட்டெராவிடம் கேட்டார். வோல்ட்டெரா பெரிய கணித அறிஞர். 1926-ல் அவர் கொடுத்த விடை இது. இரண்டு வகையையும் ஒரேபோல் பிடித்துக்கொண்டிருந்தால், கடைசியில் சராசரியாகக் கூடுவது தின்னப்படும் இனம். குறைவது தின்னும் இனம். வலை போடுவதை நிறுத்தினால் நிலைமை தலைகீழ். தின்னப்படும் மீனுக்கு வலையால் இழப்பு ஒரு பக்கம் என்றால், எதிரி குறைவதால் லாபம் இன்னொரு பக்கம். தின்னும் மீனுக்கோ வலையாலும் சாவு, இரையும் குறைவு. இரட்டை அடி.

இப்போது வலை இருக்கும் இடத்தில் மருந்து டேங்கை வைத்துப் பாருங்கள். புகையானையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை அடித்தால் என்ன ஆகும் என்பதை, வயலையே பார்க்காத ஒரு கணக்கு வாத்தியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நெல்லில் நிலைமை இன்னும் மோசம். இலை உறைக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து படாது. வெளியே திரியும் சிலந்திக்கும் மிரிட் பூச்சிக்கும் நன்றாகப் படும். சுமார் ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் காவலுக்கு யாரும் இல்லை. மருந்து அடித்த வயலில் முன்பைவிடப் புகையான் கூடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பல சமயம் மருந்து உண்மையான மருந்தாகவே இருந்திருக்கும்.

இந்தோனேசியாவில் இதை நாடே பட்டு உணர்ந்தது. அரசு மானியத்தில் மருந்து கொடுத்து அடிக்கச் சொல்லியும் புகையான் அடங்கவில்லை. 1986-ல் அந்நாட்டு அதிபர் ஆணையிட்டு 57 மருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை செய்தார். பிறகு மருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். அதனால் நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74-ல் புகையான் செய்த அழிவை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். புகையானைத் தாங்கும் ரகங்களுக்குத் தாய் வித்தாக உலகம் முழுக்க எடுத்துக்கொண்ட பி.டி.பி. 33-ம் அதே கேரளத்தின் பட்டாம்பி நிலையத்து ரகம்தான்.

வெயில் ஏறினால் யாருக்கு லாபம்?

பூச்சிக்கு நம்மைப்போல் உடம்புச் சூடு நிலையாக இருக்காது. வெளியே எவ்வளவு வெப்பமோ அதற்கேற்பத்தான் அதன் வளர்ச்சியும் ஓட்டமும் தீனியும். ஆகவே வெப்பம் மாறினால் அந்த 98 என்ற எண்ணும் மாறும். பருவநிலை மாற்றத்தால் பூச்சி கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகவே படுகிறது.

முதலில் வளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பூச்சி குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே வளராது. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியும் அதன் கணக்கில் வரவாகச் சேரும். உதாரணத்துக்கு, 10 டிகிரிக்குக் கீழ் வளர்ச்சி இல்லை, ஒரு தலைமுறை முடிய 450 அலகு வேண்டும் என்று வைப்போம். சராசரி 27 டிகிரி என்றால் நாளுக்கு 17 அலகு வரவு. ஒரு தலைமுறைக்கு இருபத்தாறரை நாள். சராசரி 30 டிகிரி என்றால் நாளுக்கு 20. இருபத்திரண்டரை நாளில் முடிந்துவிடும். 90 நாளில் முதல் வயலில் மூன்று தலைமுறை முடிந்து நான்காவது பாதியில் நிற்கும். இரண்டாவது வயலில் நான்கும் முழுதாக முடிந்திருக்கும். தலைமுறைக்கு இரண்டு மடங்கு என்ற பழைய கணக்கில் பார்த்தால் 8 மடங்கு 16 மடங்காகிறது. வெறும் 3 டிகிரிக்கு.

ஆனால் இந்தக் கணக்கு மேலே போய்க்கொண்டே இருக்காது. புகையானுக்கு வசதியான வெப்பம் 25 முதல் 30 டிகிரி. 35 டிகிரி தொடர்ந்து நிலைத்தால் முட்டை சரியாகப் பொரிக்காது, குஞ்சுகளும் நிறைய சாகும்.

அடுத்து, தின்பவை. மிரிட் நாவாய்ப்பூச்சி எந்த வெப்பத்தில் எத்தனை முட்டை தின்னும் என்பதை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கே.எல். ஹியோங்கும் அவருடன் பணியாற்றியவரும் 20 முதல் 35 டிகிரி வரை சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். வெப்பம் ஏற ஏற அது முட்டையைத் தேடித் தாக்கும் வேகமும் ஏறியது. ஆனால் 32 டிகிரி வரைதான். 35-ல் அந்த வேகம் இறங்கிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 27-லிருந்து 30-க்குப் போனால் புகையான் வேகமாகப் பெருகும், அதைத் தின்பதும் வேகமாகத் தின்னும். காவல் ஆள் வயலில் இருந்தால் ஓரளவு ஈடாகிவிடும். இல்லாவிட்டால் புகையானுக்கு மட்டும் லாபம். 35-ஐத் தொட்டால் இரண்டுக்குமே கஷ்டம். அப்போது யார் முதலில் சோர்கிறார் என்பதுதான் கேள்வி. மிரிட் பூச்சி சோரும் வெப்பத்தையும் ஓநாய் சிலந்தி தாங்கும். ஒரே ஒரு வகைக் காவலை நம்பிய வயல் அந்த வெயிலில் கவிழும். நான்கு வகை இருந்தால் ஒன்று படுத்தாலும் இன்னொன்று நிற்கும். ஒரு பூச்சியை மட்டும் பார்க்காமல் வயலில் உள்ள உயிர்களை எல்லாம் ஒரு கூட்டமாக வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செல்போனில் காட்டும் வெப்பம் பூச்சிக்கு உள்ள வெப்பம் அல்ல. நிழல் விழுந்து, கீழே தண்ணீர் நிற்கும் குத்தின் அடியில் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். கார் பருவத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் 35 டிகிரியைத் தாண்டுவது நம் பக்கம் வழக்கம்தான். வெளியே அந்த வெயிலைப் பார்த்து, புகையான் தானாகச் செத்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அடர்த்தியாக நட்டு யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் தூரடி நிழலாக, ஈரமாக, புகையானுக்குப் பிடித்த வெப்பத்திலேயே இருக்கும். தழைச்சத்து கூடிய சாறு குடித்த பூச்சி முட்டையும் அதிகம் இடும். சாதாரண வெப்பமானி ஒன்றை மதியம் இரண்டு மணிக்குக் குத்தின் அடியில் நிழலில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். செல்போன் சொல்வதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

2.5 மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் பட்டம் விட்டு நடச் சொல்வதும் இதற்காகத்தான். காற்றும் வெளிச்சமும் தூரடிக்குப் போகும். உள்ளே இறங்கிப் பார்க்கவும் மருந்து அடிக்கவும் வழி கிடைக்கும். பட்டம் விட்டால் இடம் வீண் என்று நினைப்பவர்கள், புகையான் எரித்த ஒரு வட்டத்தில் எத்தனை பட்டம் அடங்கும் என்று அளந்து பார்க்கலாம்.

குத்துக்கு ஒரு சிலந்தி

இந்தக் கணக்கெல்லாம் கணினிக்கு, நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இது ஒரு வரியாக இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரும் வரை பொறுக்கலாம்.

ஒரு குத்தில் 20 தூர் இருக்கிறது என்றால், சிலந்தி இல்லாதபோது 20 பூச்சி எல்லை. ஒரு சிலந்தி இருந்தால் எல்லை 40. அந்த ஒரு சிலந்தி ஒரு தெளிப்புச் செலவைத் தள்ளிப்போடுகிறது. பல சமயம் இல்லாமலே ஆக்கிவிடுகிறது.

எண்ணுவது கஷ்டமில்லை. வயலுக்குக் குறுக்காக நடந்து, ஒரே இடத்தில் பார்க்காமல் அங்கங்கே 20 குத்து பாருங்கள். காலை வேளை நல்லது. குத்தை மெதுவாகச் சாய்த்துத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை, பச்சை மிரிட் எத்தனை என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். மிரிட் பூச்சியைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று தவறாக நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். தத்துப்பூச்சி ஆப்பு வடிவில் இருக்கும், தொட்டால் துள்ளும். மிரிட் மெல்லியதாக, நீண்ட கால்களோடும் உணர்கொம்போடும் இருக்கும், துள்ளாது. நடந்தோ பறந்தோ போகும்.

வாரம் ஒரு முறை எண்ணினால் இன்னொரு விஷயமும் தெரியும். போன வாரம் குத்துக்கு 8 புகையான், இந்த வாரம் 9 என்றால் காவல் வேலை செய்கிறது. 8, 17, 30 என்று போனால் எல்லை வரும் வரை காத்திருக்காமல் அடுத்த நடவடிக்கைக்குத் தயாராகுங்கள்.

விளக்குப் பொறி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையான் வந்துவிட்டதா என்று அறிய அது உதவும். ஆனால் மிரிட் பூச்சியும் அதே வெளிச்சத்துக்கு வந்து விழும். விடிய விடிய எரியவிட்டு உங்கள் காவலையே கொல்ல வேண்டாம்; இரவு தொடங்கிய சில மணி நேரம் போதும்.

முதல் 40 நாள்

காவல் கூட்டம் எங்கிருந்து வருகிறது? நட்ட புதிதில் வயலில் புகையானே இருக்காது. சிலந்தி மட்டும் எதைத் தின்று உயிர் வாழும்? இந்தோனேசியாவின் ஜாவாவில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. மட்கும் பொருளைத் தின்னும் சிறு பூச்சிகளும், தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்னும் கொசு போன்றவையும் நடவு முடிந்த உடனே பெருகுகின்றன. அவை பயிரைத் தொடாது. சிலந்தி முதலானவை அவற்றைத் தின்று பெருகி, புகையான் வரும் முன்பே தயாராக நிற்கின்றன. வயலில் மட்கும் பொருள் கூடினால் காவலும் கூடியது. தொழு உரமும் மடக்கி உழுத தக்கைப்பூண்டும் மண்ணுக்கு மட்டும் தீனி அல்ல.

ஆகவே நட்டு இருபது நாளில் இலைச் சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பதறி அடிக்கும் முதல் மருந்துதான் பிற்பாடு புகையானை அழைத்துவருகிறது. இளம்பயிர் கொஞ்சம் இலையை இழந்தாலும் புதிய தூர் விட்டு ஈடு செய்துவிடும். வியட்நாமின் மீகாங் கழிமுகப் பகுதியில் விதைத்து முதல் 40 நாளுக்கு மருந்து வேண்டாம் என்று பெரிய பிரசாரம் செய்து பல விவசாயிகளைப் பழக்கினார்கள். இலைச் சுருட்டுப் புழு பொருளாதாரச் சேத எல்லையைத் தாண்டினால் மட்டும் வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் புகையானை மறுபடி கிளப்பிவிடும் என்று பல்கலைக்கழகமே தவிர்க்கச் சொல்கிறது. எந்தப் புழுவுக்காக வாங்கினாலும் நெல்லில் அவை வேண்டாம்.

வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போடுவது நமக்குப் புதிதல்ல. அந்தப் பூக்களின் தேன் முட்டைக் குளவிகளுக்கு உணவு. சீனா, தாய்லாந்து, வியட்நாமில் வரப்பில் பூக்கும் பயிர் வளர்த்த வயல்களில் மருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியதாக 2016-ல் முடிவு வந்தது. அங்கே எள்ளும் போட்டார்கள். நம் வரப்புக்கு எள் எவ்வளவு தாங்கும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. உளுந்து வராத தாழ்ந்த வரப்பில் அதை முயல வேண்டாம்.

எல்லை தாண்டிவிட்டால்

எண்ணிப் பார்த்து எல்லை தாண்டியிருந்தால் தயங்கக் கூடாது. முதலில் தண்ணீரை வடியுங்கள். எல்லை தாண்டும் முன்பே வயலை முழுக்கக் காயப்போட்டால் நீர் நாவாய்ப்பூச்சிக்கு இடம் இல்லாமல் போகும். அதுவரை காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது நல்லது. யூரியா மேலுரத்தை நிறுத்திவையுங்கள்.

மருந்து தேர்வில் கடையில் கொடுப்பதை வாங்காமல், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டு வாங்குங்கள். புப்ரோபெசின் குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுப்பது. சிலந்திக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லை. பறக்கும் தாய்ப்பூச்சியை அது உடனே கொல்லாது என்பதால் மறுநாளே பலன் எதிர்பார்க்க வேண்டாம். பைமெட்ரோசின் புகையான் சாறு உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். இமிடாகுளோபிரிட் ஆசிய நாடுகள் பலவற்றில் புகையானுக்குப் பழகிப்போய்விட்டது. அதையே திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. அளவு லேபிளில் உள்ளபடி. இரண்டு மருந்தைக் கலக்க வேண்டாம்.

தெளிக்கும்போது விசைத்தெளிப்பான் முனையைத் தூரடிக்குத் திருப்புங்கள். இலை மேல் அடித்த மருந்து புகையானுக்குப் போய்ச் சேராது. வட்டமாகப் பிடித்த இடத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் முதலில் அடியுங்கள். பாதிப்பு ஒரு மூலையில் மட்டும் என்றால் முழு வயலுக்கும் அடிக்கத் தேவையில்லை. மீதி வயலில் இருக்கும் சிலந்திகள் அங்கிருந்து திரும்ப வரும்.

அடித்த ஏழாம் நாள் அதே 20 குத்தை மறுபடி பாருங்கள். இலை உறைக்குள் இருந்த முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். வெள்ளை நிறக் குஞ்சுகள் எத்தனை, சிலந்தி எத்தனை என்று பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதிக்கொண்டு, இரண்டாம் தெளிப்பு வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.